896 வரிகளும் ஒரு சொல்லும்

ஓர் உலாவி செத்து விழுவதிலிருந்து தொடங்குவோம்.

மொசில்லா என்ற உலாவி முழு உருவம் பெறாமல் இருந்த காலம் அது. அதில் தென்படும் குறைகளைப் பதிந்துவைக்க பக்ஸில்லா என்றொரு தரவுத்தளம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு பயனர் 24735 என்ற எண்ணில் அங்கே ஒரு வழுவைப் பதிந்தார். பேச்சில் பக் என்று சொல்கிறோமே, அதுதான் வழு. அவர் எழுதியதன் சாரம் இது: மொசில்லாவைத் திறக்கவும். பக்ஸில்லாவில் வழுக்களைத் தேடும் பக்கத்துக்குப் போகவும். அந்தப் பக்கத்தைக் கோப்பாக அச்சிடவும். கீழ் ஓரத்தையும் வலது ஓரத்தையும் .50 என்று வைக்கவும். முடிந்ததும் அதே கோப்பின்மேல் இதையே மறுபடி செய்யவும். உலாவி கிராஷ் ஆகிவிடும்.

அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல் 896 வரி. பயனர் செய்தவற்றை ஒவ்வொரு விசை அழுத்தமாகவும் மவுஸ் அசைவாகவும் பிரித்து எண்ணினால் 95 செயல்கள். குற்றம் இதற்குள் எங்கோ இருக்கிறது. சரிசெய்ய வேண்டிய நிரலாளர் முன்னால் இந்த மூட்டை அப்படியே வந்து விழுந்தால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? 896 வரியில் எந்த வரி? ஓரத்தை .50 வைத்ததாலா, இரண்டாம் முறை அச்சிட்டதாலா, ஒரே கோப்பின்மேல் எழுதியதாலா?

திறந்த மூல உலாவிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் போட்டியை எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இந்த மூட்டையை அவிழ்க்கும் வேலை. உலாவியை உருவாக்குகிறவர்கள் என்று நான் எண்ணும் கூட்டத்தில் நிரல் எழுதத் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களும் இருக்கிறார்கள். “இங்கே உடைகிறது, இப்படிச் செய்தால் உடைகிறது” என்று துல்லியமாகச் சொன்னவர்கள் அவர்கள். இந்த அத்தியாயம் அவர்களுடைய வேலையைப் பற்றியது.

கோயில் திருவிழாவுக்குச் சீரியல் செட் கட்டுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். ஒரு சரம் எரியவில்லை என்றால் அவர் ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பார்ப்பதில்லை. சரத்தின் நடுவில் டெஸ்டரை வைக்கிறார். பழுது இந்தப் பாதியிலா, அந்தப் பாதியிலா என்று தெரிந்துவிடுகிறது. அடுத்து அந்தப் பாதியின் நடுவில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துப் போனால், 896 பல்பு இருந்தாலும் பத்தாவது சோதனைக்குள் பழுதான பல்பு கைக்கு வந்துவிடும். பத்து முறை இரட்டித்தால் 1024 ஆகிறது அல்லவா, அந்தக் கணக்கு.

மென்பொருளில் இதற்கு மேல் ஒரு முடிச்சு உண்டு. சரத்தில் ஒரு பல்புதான் குற்றவாளி. மென்பொருளிலோ இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தால்தான் கிராஷ் ஆகும் என்ற நிலை அடிக்கடி வரும். ஒரு காரணம் முதல் பாதியில், இன்னொன்று இரண்டாம் பாதியில் என்றிருந்தால், எந்தப் பாதியைத் தனியாக ஓட்டினாலும் உலாவி சமர்த்தாக நடந்துகொள்ளும். பாதியாக்கும் தந்திரம் அங்கே தோற்றுவிடும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்திரேயாஸ் செல்லரும் ரால்ஃப் ஹில்டெபிராண்டும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பாதிகள் இரண்டும் கைவிரித்தால், உள்ளீட்டை நான்கு துண்டாக்கு. ஒவ்வொரு துண்டையும் தனியே ஓட்டிப் பார். அதிலும் கிடைக்கவில்லை என்றால் ஒரு துண்டை மட்டும் நீக்கிவிட்டு மீதியை ஓட்டிப் பார். நீக்கிய பிறகும் கிராஷ் ஆகிறதா? அப்படியென்றால் அந்தத் துண்டுக்கும் கிராஷுக்கும் சம்பந்தமில்லை, தூக்கிப் போடு. எதையுமே நீக்க முடியவில்லையா? எட்டாக்கு, பதினாறாக்கு. எஞ்சியதில் எந்த ஒன்றை எடுத்தாலும் கிராஷ் நின்றுவிடும் என்ற நிலை வரும் வரைக்கும் விடாதே. இதைக் கணினியே தானாகச் செய்யும்படி எழுதினார்கள். டெல்டா டீபக்கிங் என்று பெயர். 2002-ல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையில் சோதனைக்கு எடுத்துக்கொண்ட வழுக்களில் ஒன்று, மேலே சொன்ன 24735.

95 செயல்களில் மூன்றுதான் மிஞ்சின. ஆல்ட் விசையோடு பி விசையை அழுத்தியது, அச்சிடும் பொத்தானின்மேல் மவுஸை அழுத்தியது, மவுஸை விட்டது. ஓரத்தை .50 வைத்ததற்குக் கிராஷோடு சம்பந்தமில்லை. கோப்பாக அச்சிட்டதற்கும் இல்லை. அழுத்திய பி விசையிலிருந்து விரலை எடுத்ததுகூட வேண்டியதில்லை என்று கணினி கண்டுபிடித்தது. 896 வரிகளில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. வழுவின் முன்னுரிமையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் பெட்டிக்கான வரி அது. அந்த வரியையும் எழுத்தெழுத்தாகக் கழித்துப் பார்த்தபோது 40 எழுத்துகள் எட்டாயின. கோண அடைப்புக்குள் ‘செலக்ட்’ என்ற ஒரே சொல். பட்டியல் பெட்டி ஒன்று பக்கத்தில் இருந்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டால் உலாவி விழும். அவ்வளவுதான் வழு. மொத்தம் 139 சோதனை ஓட்டங்கள். 500 மெகாஹெர்ட்ஸ் கணினியில் 35 நிமிடம்.

அந்தப் பயனர் ஓரங்களைப் பற்றி எழுதியது தவறு என்று நான் நினைக்கவில்லை. தான் செய்தது அத்தனையையும் மறைக்காமல் வரிசையாக எழுதினார். எது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எல்லாவற்றையும் எழுதியதால்தான் இன்னொருவர் தன் கணினியில் அந்த உலாவியை மறுபடி விழவைக்க முடிந்தது. மறுபடி நிகழ்த்திக் காட்ட முடியாத சோதனையை அறிவியல் எளிதில் ஏற்பதில்லை. மென்பொருளுக்கும் அதே விதி. செய்தது என்ன, நடந்தது என்ன, நடந்திருக்க வேண்டியது என்ன என்று பக்ஸில்லா மூன்று கேள்விகள் கேட்கிறது. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும் இவை மூன்றும்தான் இருக்கும்.

இந்தச் சுருக்கும் வேலையைக் கணினி செய்வதற்கு முன்னால் மனிதர்கள் கையால் செய்தார்கள். 1999 ஜூலையில் மொசில்லாவின் தரவுத்தளத்தில் யாரும் சுருக்கிக்கூடப் பார்க்காத வழு அறிக்கைகள் 370-க்கு மேல் தேங்கிக் கிடந்தன. பொறியாளர்கள் திணறிப்போய் உலகத்திடம் கை நீட்டினார்கள். பகத்தான் என்று பெயர் வைத்து ஓர் அழைப்பு விடுத்தார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். உடைந்து தெரியும் ஒரு பக்கத்தை எடுத்து, அதன் வரிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து, உடைவதற்குக் காரணமான சில வரிகளை மட்டும் விட்டுவைத்தால் போதும். ஐந்து வழுக்களைச் சுருக்கித் தருகிறவருக்கு வெளியீட்டு விருந்துக்கு அழைப்பு. இருபது சுருக்கினால் பொறியாளர்கள் கையெழுத்திட்ட ஒரு டி-ஷர்ட். இதற்காக மக்கள் ராத்திரி விழித்திருந்து வேலை செய்தார்களா என்றால், டி-ஷர்ட்டுக்காக மட்டும் யாரும் செய்வதில்லை. உடைந்த பக்கத்தை அழித்து அழித்து ஒற்றை வரியில் கொண்டுவந்து நிறுத்தும்போது கிடைக்கும் நிறைவை ஒருமுறை அனுபவித்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இப்படி உலகத்திடம் கை நீட்ட வேண்டிய நிலை எப்படி வந்தது? நெட்ஸ்கேப்பின் கதை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் எழுதிய மொசைக் உலாவி 1993-ல் வந்தது. ஆண்ட்ரீசனும் ஜிம் கிளார்க்கும் 1994-ல் தொடங்கிய நிறுவனம் நெட்ஸ்கேப். அவர்களுடைய உலாவிக்கு உள்ளுக்குள் வழங்கிய செல்லப்பெயர் மொசில்லா. 1995-ல் மைக்ரோசாப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்து, பின்னர் விண்டோஸோடு சேர்த்தே இலவசமாகக் கொடுத்தது. நெட்ஸ்கேப் சரிந்தது. 1998 ஜனவரியில் யாரும் எதிர்பார்க்காத ஓர் அறிவிப்பு வந்தது: உலாவியின் மூல நிரலை எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறோம். அந்த அறிவிப்பின் சூட்டில் சில நாட்களுக்குள் பாலோ ஆல்டோவில் கூடிப் பேசிய சிலர், இப்படிப்பட்ட மென்பொருளுக்கு ஒரு பெயர் தேடினார்கள். கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற சொல் அங்கே நிலைத்தது. தமிழில் திறந்த மூலம் என்றும் திறமூலம் என்றும் சொல்கிறோம்.

மூல நிரல் 1998 மார்ச் 31 அன்று வெளியானது. முழுமையாக இல்லை. பிற நிறுவனங்களுக்குச் சொந்தமான பகுதிகளை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ரகசியக் குறியீட்டுக்கான நிரலை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டம் அப்போது அனுமதிக்கவில்லை என்பதால் அதையும் எடுத்தார்கள். பூட்டு இல்லாத கதவாக வெளியே வந்த அந்த உலாவிக்கு, ஒரே நாளுக்குள் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு குழு தாங்கள் எழுதிய பூட்டைப் பொருத்திக் காட்டியது. அவர்களை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. நிரலைத் திறந்துவிடுவது என்றால் என்ன என்று முதல் நாளிலேயே உலகம் பார்த்தது.

ஆனால் அந்த உற்சாகத்துக்கு ஏற்ற கூட்டம் வரவில்லை. ஓராண்டு கழித்து, மொசில்லா என்று பெயர் வைத்தவரும் திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ஜேமி சாவின்ஸ்கி பதவி விலகினார். வெளியாட்கள் இதைத் தங்கள் திட்டமாக ஏற்றுக்கொள்ளவில்லை, இது நெட்ஸ்கேப்பின் திட்டமாகவே நின்றுவிட்டது என்பது அவர் மனக்குறை. பழைய நிரல் வெளியாள் ஒருவர் உள்ளே நுழைந்து கைவைக்க முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்தது. 1998 அக்டோபரில், பக்கங்களைத் திரையில் வரையும் பழைய இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு கெக்கோ என்ற புதிய இயந்திரத்தின்மேல் எல்லாவற்றையும் திரும்பக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். மொசில்லா 1.0 வெளிவர 2002 ஜூன் ஆகிவிட்டது. இடையில் நெட்ஸ்கேப்பை ஏஓஎல் வாங்கியது, சந்தை முழுதும் எக்ஸ்ப்ளோரரின் கையில் போனது. ஓடும் நிரலைத் தூக்கிப் போட்டது பெரும் பிழை என்று இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். வணிகமாகப் பார்த்தால் சரிதான். என் பார்வையில், உள்ளே நுழைய முடியாத நிரலைச் சுற்றி ஒரு சமூகம் உருவாக முடியாது. அந்த நான்கு ஆண்டுகளில்தான் அந்தச் சமூகம் உருவானது.

எப்படி உருவானது என்பதற்கு பக்ஸில்லாவின் சொற்களையே பார்க்கலாம். டெர்ரி வைஸ்மன் 1998-ல் எழுதிய அந்த மென்பொருளில் ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண், ஒரு நிலை. புதிதாக வந்தது ‘உறுதிசெய்யப்படாதது’. வேறொருவர் தன் கணினியிலும் அதைப் பார்த்துவிட்டால் ‘புதியது’. யாராவது பொறுப்பேற்றால் ‘ஒப்படைக்கப்பட்டது’. மூடும்போது காரணம் சொல்ல வேண்டும்: சரிசெய்தாயிற்று, ஏற்கெனவே பதிந்ததன் நகல், சரிசெய்யப் போவதில்லை. இவற்றோடு இன்னொன்று உண்டு, ‘என்னிடம் ஓடுகிறதே’. பதிந்தவரின் மனத்தை நோகடிக்கும் பதில் அது. அவர் கணினியில் உடைகிறது, நிரலாளரின் கணினியில் உடையவில்லை. இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள். இருவருக்கும் நடுவில் நின்று, எந்த விண்டோஸ், எந்த எழுத்துரு, எந்தப் பதிப்பு என்று கேட்டுக் கேட்டு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் ஆள் வேண்டும். அந்த வேலையைத் தன்னார்வலர்கள் செய்தார்கள். ஏசா டாட்ஸ்லர் அப்படித் தன்னார்வலராக வந்தவர்தான். பின்னாளில் மொசில்லாவின் தரச் சோதனைச் சமூகத்தையே அவர் நடத்தினார். ஒவ்வொரு நாளும் அன்றைய நிரலிலிருந்து கட்டப்படும் அரைகுறைப் பதிப்பை இறக்கி, தங்கள் அன்றாட வேலைக்கே பயன்படுத்தி, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்று காலையிலேயே சொல்கிறவர்கள் பலர் இருந்தார்கள். ‘நேற்று ஓடியது’ என்ற தகவலின் மதிப்பை நிரலாளர்கள்தான் அறிவார்கள். தேட வேண்டிய இடம் ஒரே நாளின் மாற்றங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. மறுபடியும் சீரியல் செட் கணக்குத்தான், இந்தத் தடவை தேதிகளின்மேல்.

2014-ல் பக்ஸில்லாவின் எண்கள் பத்து லட்சத்தைத் தொட்டன.

ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது இந்த மண்ணில். உலாவியோடு மின்னஞ்சலும் சேர்ந்த மொசில்லா தொகுப்பு கனத்துப்போனதாக உணர்ந்த டேவ் ஹயாட், பிளேக் ராஸ், ஜோ ஹியூவிட் ஆகியோர் உலாவியை மட்டும் தனியே எடுத்து 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் 0.1 வெளியிட்டார்கள். ராஸுக்கு அப்போது 17 வயது. பெயர்ச் சிக்கலால் ஃபயர்பேர்டு ஆகி, 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. தமிழ்ப் பதிவர்கள் பிரியமாக நெருப்புநரி என்றார்கள். 2004 நவம்பர் 9 அன்று 1.0 வந்தது. டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸில் இரண்டு முழுப் பக்க விளம்பரம் வந்தது. அதில் அச்சாகியிருந்தவை பணம் தந்த சுமார் பத்தாயிரம் பயனர்களின் பெயர்கள். எக்ஸ்ப்ளோரர் 6 வந்த 2001-க்கும் 7 வந்த 2006-க்கும் இடையில் மைக்ரோசாப்ட் தன் உலாவியை ஏறக்குறைய அப்படியே விட்டுவைத்திருந்தது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் புகுந்து நின்றது பயனர்கள் கட்டிய ஓர் உலாவி. 2008 ஜூன் 17 அன்று வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 3-ஐ ஒரே நாளில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தரவிறக்கி, கின்னஸ் சாதனை ஆக்கினார்கள்.

அந்த மூன்றாம் பதிப்பு தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு காரணத்தால் முக்கியமானது. 2006, 2007-ல் ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் வலைப்பதிவுகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: சில பக்கங்கள் அழகாகத் தெரியும், சில பக்கங்களில் கொம்புகளும் கால்களும் கழன்று, புள்ளி வட்டங்களாகச் சிதறிக் கிடக்கும். எழுத்துரு ஒன்றுதான், யூனிகோடு ஒன்றுதான், உலாவியும் ஒன்றுதான்.

‘கொடி’ என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கணினி அதை நான்கு குறியீடுகளாகச் சேமிக்கிறது: ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி. சேமிப்பது இந்த வரிசையில். திரையில் வரைவதோ வேறு வரிசை. ஒகரக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்துக்கு இடப்பக்கம் போய் நிற்க வேண்டும், கால் வலப்பக்கம் நிற்க வேண்டும். இகரம் டகரத்தோடு ஒட்டி வளைய வேண்டும். குறியீடுகளைக் கூட்டமாகப் பார்த்தால்தான் இதைச் செய்ய முடியும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் இடத்தில் தனித்தனியாக வைத்தாலும் சொல் சொல்லாகவே இருக்கும். தமிழில் தனித்தனியாக வைத்தால் சொல் உடைந்துவிடும்.

உடைந்த பக்கங்களில் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. பத்தியின் இரு ஓரங்களும் நேர்கோட்டில் வரும்படி ஜஸ்டிஃபை செய்யப்பட்டிருந்தன. வரியை இழுத்து ஓரம் சேர்க்க, எழுத்துகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று கணக்கிட்டு, பழைய நிரல் ஒவ்வொரு குறியீட்டையும் தனியே பிடித்து வைத்தது. துணைக்கு ககரம் இல்லாமல் தனித்து நின்ற ஒகரக் குறி புள்ளி வட்டத்தோடு விழுந்தது. “பதிவை ஜஸ்டிஃபை செய்யாதீர்கள், நெருப்புநரியில் படிக்க முடியவில்லை” என்று பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இந்த ஒற்றை வரி, என் கணக்கில், முழுமையான ஒரு வழு அறிக்கை. 896 வரியை ஒரு சொல்லாகச் சுருக்கியது போன்ற சுருக்கம் அதில் இருக்கிறது.

கலிபோர்னியாவில் எத்தனை திறமையான பொறியாளர் உட்கார்ந்திருந்தாலும் இதைத் தன் திரையில் பார்த்திருக்க மாட்டார். ஆங்கிலப் பக்கங்களில் எல்லாம் சரியாகவே இருந்தது. இந்தியும் வங்கமும் தமிழும் படிக்கிறவர்கள் சொன்னால்தான் தெரியும். சரிசெய்வதற்கும் ஓர் ஒட்டு போதவில்லை. உரையை வரியாக்கும் பகுதியையே புதிதாக எழுத வேண்டியிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வேலைசெய்த ராபர்ட் ஓ’கலஹன் அந்தப் பெரிய வேலையை முன்னின்று செய்தார். ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தபோது ஜஸ்டிஃபை செய்த தமிழ்ப் பத்திகள் ஒழுங்காக நின்றன. பின்னாளில் எழுத்துகளைக் கூட்டிவைக்கும் இந்த வேலைக்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல்தொகுப்பு வளர்ந்தது. ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் பாரசீகப் பெயர் அது. இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு மூன்றுமே அதைப் பயன்படுத்துகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘கொடி’ கொடியாகத் தெரிவது அதனால்.

தமிழ்ப் பயனர்கள் வழு சொன்னதோடு நிற்கவில்லை. யூனிகோடு பரவும் முன்பு நம் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அது கணினியில் இல்லை என்றால் பக்கம் முழுதும் கிறுக்கலாக இருக்கும். தெலுங்கு, தமிழ், மலையாளப் பக்கங்களை உலாவிக்குள்ளேயே யூனிகோடாக மாற்றிக்காட்டிய பத்மா என்ற நீட்சி, அதாவது உலாவியோடு கூடுதலாகப் பொருத்தும் சிறு நிரல், ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தது. எந்தப் பெட்டியிலும் நேராகத் தமிழில் தட்டச்சிட ‘தமிழ் விசை’ நீட்சி வந்தது. உலாவியின் முகத்தைத் தமிழாக்க ஒரு குழு. ஒரு காலத்தில் இலங்கைத் தமிழுக்கென்று தனியாகவே இன்னொரு மொழிபெயர்ப்பும் இருந்தது. டேபுக்கு என்ன சொல் என்பதில் கீற்று, தாவல், தத்தல் என்று கட்சிகள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. என் ஓட்டு கீற்றுக்கு. தென்னங்கீற்று அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு அது உடனே விளங்கும்.

அந்த நீட்சிகளே ஒரு பெரிய மனத்தாங்கலுக்கும் காரணமாயின. பழைய முறையில் ஒரு நீட்சி உலாவியின் எந்த உறுப்பிலும் கைவைக்கலாம். அதனால்தான் அவ்வளவு விநோதமான, பயனுள்ள நீட்சிகள் பிறந்தன. அதே காரணத்தால் உலாவியின் உள்ளே எதை மாற்றினாலும் எங்கோ ஒரு நீட்சி உடைந்தது. வேலையைப் பல செயல்முறைகளாகப் பிரித்து வேகத்தையும் பாதுகாப்பையும் கூட்ட முடியவில்லை. 2008-ல் வந்த குரோம் தொடக்கத்திலிருந்தே அப்படிப் பிரித்துக் கட்டப்பட்டது. 2017 நவம்பர் 14 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 57 வெளியானபோது பழைய முறை நீட்சிகள் அனைத்தும் நின்றன. அதே பதிப்பில், ரஸ்ட் மொழியில் எழுதிய புதிய நடைதாள் இயந்திரம் பக்கங்களைக் கண்கூடாக வேகப்படுத்தியது. முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் பராமரிக்க ஆளில்லாமல், பத்தாண்டுகளாக யாரோ ஒருவருடைய ஆசையால் மட்டும் ஓடிக்கொண்டிருந்த நீட்சிகள் அன்று ஒரேயடியாகப் போயின. அவற்றை நம்பியிருந்தவர்களுக்கு நேர்ந்தது உண்மையான இழப்பு. சிலர் பேல்மூன், வாட்டர்ஃபாக்ஸ் போன்ற கிளைகளுக்குப் போனார்கள். மூலம் திறந்திருப்பதால் அப்படிப் பிரிந்து போகவும் முடிகிறது. 2005-ல் மொசில்லா தன் பழைய தொகுப்பைக் கைவிட்டபோது பயனர்கள் அதை எடுத்து சீமங்கி என்று பெயரிட்டு வளர்க்கத் தொடங்கியதும் அப்படித்தான்.

இன்று உலகில் பெருமளவில் பயன்படும் உலாவி இயந்திரங்கள் மூன்று: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. மூன்றின் மூலமும் திறந்தே இருக்கிறது. முதலிரண்டுக்கும் மூதாதை, கேடிஇ என்ற திறந்த மூலத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 1998 வாக்கில் எழுதத் தொடங்கிய கேஎச்டிஎம்எல். மைக்ரோசாப்டும் 2018-ல் தன் சொந்த இயந்திரத்தைக் கைவிடுவதாக அறிவித்து, குரோமின் திறந்த மூல அடித்தளமான குரோமியத்துக்கு வந்துவிட்டது. மூலம் திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் இவ்வளவு முழுமையாக வென்ற துறைகள் குறைவு. இருந்தும் எனக்குக் கவலை தீரவில்லை. நிரலை யாரும் படிக்கலாம், ஆனால் எந்த வழுவை முதலில் எடுப்பது என்பதைச் சம்பளம் கொடுக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியே கூகுள் தேடலை முன்னிருப்பாக வைப்பதற்காக வரும் பணம். பல தளங்கள் ஓர் உலாவியில் மட்டும் சோதித்துவிட்டு வெளிவருகின்றன. மற்ற உலாவியில் உடைந்தால் குற்றம் அந்த உலாவியின்மேல் விழுகிறது. ஃபயர்ஃபாக்ஸின் பட்டியில் உடைந்த தளத்தைத் தெரிவிக்க ஒரு வசதி இருக்கிறது. அதைத் தொடுகிறவர்கள் பெருக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தமிழ்ப் பக்கம் ஒன்று உடைந்து தெரிந்தால், அதைச் சொல்லக்கூடியவர்கள் நாம் மட்டும்தான்.

2002 ஜூனில் ஒருவர் ஒரு சின்னக் குறையைப் பதிந்தார். வழு எண் 148624. ஒரு பொத்தானின்மேல் மவுஸை வைத்தால் சிறு விளக்கப் பெட்டி தோன்றும் அல்லவா, அது தோன்றும் சமயத்தில் வேறொரு மென்பொருளுக்கு மாறிவிட்டால், பெட்டி மட்டும் போகாமல் அந்த மென்பொருளின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். உயிர் போகும் பிரச்சினை இல்லை, எரிச்சல். ஃபீனிக்ஸ் 0.1 அப்போது வெளிவந்திருக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் வந்தது, நீட்சிகள் வந்து போயின, இயந்திரத்தின் பாதி மாறியது. எண் அப்படியே திறந்து கிடந்தது. அவ்வப்போது யாராவது வந்து, இன்னும் நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். 2023-ல் புதிதாக வந்த ஒரு தன்னார்வலர் அதைப் படித்தார். உலாவிச் சாளரம் முன்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியைக் காட்டும்படி ஒரு சிறு திருத்தம் எழுதி அனுப்பினார். பதிந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு, ஃபயர்ஃபாக்ஸ் 119-ல், 148624-இன் நிலை ‘சரிசெய்தாயிற்று’ என்று மாறியது.